சத்தம் வரும் இடம் ஒன்று, ஆபத்து இருக்கும் இடம் வேறு

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் வேலை பார்க்கும் இடத்தையும் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தவர். 1965-இல் தயாரான எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் கார் ஒன்றை, ஊரைவிட்டுப் போன ஒரு எஸ்டேட் மேனேஜரிடமிருந்து 1974-இல் வாங்கினார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். துணிக் கூரை, கம்பிச் சக்கரங்கள். அப்பா இறந்தபின் ஏழு வருடம் கார் ஷெட்டிலேயே கிடந்தது. போன வருடம் மகள் அதை வெளியே எடுத்து, பேட்டரி, டயர், பெட்ரோல் டேங்க் எல்லாம் சரிசெய்து ஓட்டத் தொடங்கினார். கார்த்திகையில் குளிர் இறங்கியதும் ஒரு கிறீச் சத்தம் வர ஆரம்பித்தது. காலையில் வண்டியை எடுத்து நூறு அடி போவதற்குள் தொடங்கும். கட்டபெட்டு போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும். அப்புறம் மறுநாள் காலையில்தான்.

சமவெளியில் இருக்கும் ஒரு பணிமனையில் காரை விட்டார். முன் பிரேக் பேடுகளையும் ஃபேன் பெல்ட்டையும் மாற்றி 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். சத்தம் போகவில்லை. மறுபடி போனபோது, "நாங்க ஓட்டிப் பாத்தோம், ஒண்ணும் கேக்கலை மேடம். உங்களுக்கு அப்படித் தோணுது. வேணும்னா கியர்பாக்ஸைப் பிரிச்சுப் பாத்துடலாம், எண்பதாயிரம் ஆகும்" என்றார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் பிரேக் டிஸ்க்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்கிறார். தம்பி, விண்டேஜ் கார் என்று பதிவுசெய்து நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்கிறார். தை மாதம் மேட்டுப்பாளையத்தில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். அப்பாவின் காரில் இறங்கிப் போய் மண்டப வாசலில் நிறுத்த வேண்டும் என்பது இவருடைய ஆசை.

கடைசிப் பக்கத்தில், "இதெல்லாம் முக்கியமா என்று தெரியவில்லை" என்று சொல்லி மூன்று வரி எழுதியிருக்கிறார். குளிர்ந்த காலையில் வேகம் காட்டும் மீட்டரின் முள் நடுங்குகிறது. பேட் மாற்றிய பிறகு இறக்கத்தில் வந்து நின்றால் வலது முன்சக்கரத்தில் கருகல் வாடை அடிக்கிறது, வண்டியும் கொஞ்சம் வலது பக்கம் இழுக்கிறது. பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விட்டாலும் சத்தம் மாறுவதில்லை.

சகோதரி, அந்த மூன்று வரிகளுக்காகத்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். முப்பது வருடமாக மலை வண்டிகளைப் பார்த்து வருகிறேன். "சத்தம் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்று எழுதி வைத்தவர் நீங்கள். பணிமனையில் உங்கள் பேச்சைக் காதில் வாங்கியிருந்தால் அந்த 14,000 ரூபாய் செலவே வந்திருக்காது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் காரில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. கிறீச் சத்தம் பெரும்பாலும் மீட்டர் கேபிளிலிருந்து வருகிறது. அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. சத்தமே போடாத வலது முன்சக்கரம்தான் ஆபத்து. அதைச் சரிசெய்யும் வரை அந்தக் காரில் மலை இறங்க வேண்டாம். கல்யாணத்துக்கும்தான், கடைத்தெருவுக்கும்தான்.

சத்தம் எதோடு சேர்ந்து ஓடுகிறது?

பழைய காரில் கிறீச் என்று கேட்டதும், எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பிக்கிறோம். அதில்தான் ஏமாந்துபோகிறோம். திறந்த காரில் தகரத் தரை, தகரக் கதவு, தகர டாஷ்போர்டு. இன்ஜின் பக்கம் எழும் சத்தம் இருக்கைக்குப் பின்னால் கேட்கும். சக்கரத்துச் சத்தம் காலடியில் கேட்கும். அதனால் இடத்தை விட்டுவிட்டு, அது எதோடு சேர்ந்து கூடுகிறது, குறைகிறது என்று பார்க்க வேண்டும். இன்ஜின் சுற்றோடா, சக்கரத்தின் சுற்றோடா, உங்கள் கால் மிதிக்கும் பெடலோடா?

வண்டியை நிறுத்தி வைத்து, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறதா? வந்தால் இன்ஜினோடு சேர்ந்தது. ஃபேன் பெல்ட், டைனமோ, தண்ணீர் பம்ப், டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு எல்லாம் இந்தக் கூட்டம். நின்ற இடத்தில் எவ்வளவு ரேஸ் செய்தாலும் சத்தம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பெல்ட்டை மாற்றியது வீண்.

இதே சத்தத்தோடு அம்பாசிடர் வைத்திருப்பவர்களும் எனக்கு எழுதுகிறார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. பழைய அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. இன்ஜினும் ஒரே குடும்பம். பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்து 'பி' வரிசை. இரண்டிலும் டைனமோவின் பின்முனையில் சின்ன வெண்கல புஷ் ஒன்றும் அதற்கு எண்ணெய் விட ஒரு துளையும் உண்டு. அந்தத் துளையை யாரும் கண்டுகொள்வதில்லை. எண்ணெய் வறண்டால் புஷ் குருவி மாதிரி கத்தும். நின்ற வண்டியில் சத்தம் வந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் பெல்ட், டைனமோ, தண்ணீர் பம்ப் மூன்றில் ஏதோ ஒன்று. பிறகு டைனமோவையும் பம்பையும் கையால் சுற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இரண்டு சொட்டு இன்ஜின் ஆயிலில் தீர வேண்டியதை டைனமோவே போச்சு என்று மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கிளட்ச். உங்கள் காரில் கிளட்சைத் தள்ளும் பேரிங் குண்டு பேரிங் அல்ல, கரி வளையம். அது தேய்ந்தால் பெடலை மிதிக்கும்போது மட்டும் கத்தும். மிதித்தால் வரும், விட்டால் போகும். உங்கள் சத்தத்துக்கும் கிளட்ச் பெடலுக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நியூட்ரலில் உருளும்போதும் அப்படியே இருக்கிறது. கியர்பாக்ஸின் முன்பக்கம் இன்ஜின் வேகத்தில் சுற்றுவது. நியூட்ரலில் விட்டதும் இன்ஜின் வேகம் சட்டென்று இறங்குகிறது, சத்தம் இறங்கவில்லை. இப்படி இருக்கும்போது எண்பதாயிரம் ரூபாய்க்குக் கியர்பாக்ஸைப் பிரிக்க ஒரு காரணமும் இல்லை.

மிச்சம் இருப்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுபவை. பிரேக் சத்தமாக இருந்தால் பெடலை லேசாகத் தொட்டாலே மாறும், நிற்கும், அல்லது கூடும். உங்களுக்கு மாறவில்லை. சக்கர பேரிங் போனால் கிறீச்சைவிட உறுமல்தான் அதிகம். வளைவில் எடை ஒரு பக்கம் சாயும்போது அது கூடிக் குறையும், வண்டி சூடானதும் ஓயாது. பின்னச்சுக்குப் போகும் நீளத் தண்டின் முனையில் இருக்கும் கிராஸ் என்ற இணைப்பு வறண்டிருந்தால் இருக்கைக்கு அடியில் விட்டுவிட்டுக் கீச்சிடும். இந்தக் காரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற அந்தத் தண்டு ஏறக்குறைய நான்கு சுற்றுச் சுற்றுகிறது. வண்டியை மெதுவாகத் தள்ளிவிட்டால் ஒரு சக்கரச் சுற்றுக்கு நான்கு கீச்சு எண்ணலாம். உங்களுடையது விட்டுவிட்டு வரவில்லை, இழுத்துக்கொண்டே போகிறது என்கிறீர்கள். குளிரில் மட்டும் வருகிறது. கொஞ்ச தூரம் ஓடியதும் போகிறது. அது இருக்கும்போது முள் நடுங்குகிறது, போனதும் முள்ளும் அடங்குகிறது. இத்தனைக்கும் பொருந்துவது ஒன்றுதான், மீட்டர் கேபிள்.

பணிமனைக்காரர்களுக்கு ஏன் கேட்கவில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. கோத்தகிரியிலிருந்து இறங்கி அவர்கள் வாசலுக்குப் போவதற்குள் வண்டி முழுக்கச் சூடாகிவிட்டது. சமவெளி வெயில் வேறு. ராத்திரி முழுக்க அங்கே நின்றாலும் காலையில் அந்தக் குளிர் கிடைக்காது. கேட்காத சத்தத்துக்கு ஊகத்தில் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். "உங்களுக்குத் தோணுது" என்று சொன்னதற்குப் பதில், "எங்களுக்குக் கேட்கவில்லை, எப்போது கேட்கும் என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்க வேண்டும்.

மீட்டர் கேபிள்

கியர்பாக்ஸின் வால் பக்கம் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவது. அங்கிருந்து டாஷ்போர்டு வரை ஒரு கேபிள் வருகிறது. வெளியே உறை, உள்ளே சைக்கிள் பிரேக் கம்பியைவிடத் தடிமனான முறுக்குக் கம்பி. அந்தக் கம்பி ஒரு மைலுக்கு ஆயிரம் சுற்றுக்குக் குறையாமல் சுற்றித்தான் முள்ளை நகர்த்துகிறது. உள்ளே போட்ட கிரீஸ் வருடக்கணக்கில் வறண்டு பிசின் மாதிரி ஆகிவிடும். குளிரில் இன்னும் இறுகும். அப்போது கம்பி சீராகச் சுற்றாமல், கொஞ்சம் ஒட்டிக்கொண்டு முறுக்கேறி, பட்டென்று விடுபட்டு, மறுபடி ஒட்டும். ஒரு நொடிக்குள் பல தடவை இப்படி நடப்பதால்தான் முள் நடுங்குகிறது, சத்தமும் எழுகிறது. எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் கத்துவதும் இதே மாதிரிதான். ஓட ஓட உராய்வின் சூட்டில் கிரீஸ் இளகும், சத்தம் அடங்கும்.

என் ஊகத்தை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம், நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். இந்தக் காரில் பேட்டரிகள் இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்கு அடியில் இருக்கும். 1965 மாடல் பாசிட்டிவ் எர்த், அதாவது உடம்போடு இணைந்திருப்பது பாசிட்டிவ் முனை. சிலர் பின்னால் மாற்றியிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டால் மீட்டருக்குப் பின்னால் வரிவரியாகக் கோடு போட்ட சின்ன நட்டு ஒன்று விரலில் தட்டுப்படும். ஸ்பேனர் வேண்டாம், விரலாலேயே திருகலாம். கேபிளை விடுவித்து ஓரமாகக் கட்டிவிட்டு, பேட்டரியை மறுபடி இணைத்து, மறுநாள் விடியற்காலையில் எஸ்டேட் ரோட்டில் அரை கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். மீட்டர் இல்லாமல் பொதுச் சாலைக்குப் போக வேண்டாம். சத்தம் இல்லையென்றால் கேபிள் அல்லது மீட்டர் என்பது உறுதி.

கேபிள்தான் என்றால் உள்கம்பியை மேலே இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள். துணியில் காப்பித்தூள் நிறத்தில் கட்டியாக வரும். கம்பியை மேஜை மேல் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள். சீராக உருண்டால் நல்லது. ஓரிடத்தில் துள்ளினால் அங்கே மடிந்திருக்கிறது என்று அர்த்தம், புதுக் கேபிள்தான் போட வேண்டும். நல்ல கம்பி என்றால் விரலில் கிரீஸ் தொட்டு மெல்லிசாகப் பூசி உள்ளே விடுங்கள். ஆனால் மீட்டர் பக்கத்து முனையில் கடைசி 20 சென்டிமீட்டருக்குக் கிரீஸ் படவே கூடாது. கம்பி சுற்றச் சுற்ற கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் போய்விடும், பிறகு முள் காட்டுவதெல்லாம் பொய்யாகிவிடும். உறை எங்கேயும் கூர்மையாக மடியாமல், அகலமான வளைவில் போகட்டும். இதற்குப் பிறகும் சத்தம் வந்தால் மீட்டருக்குள் இருக்கும் தண்டு வறண்டிருக்கிறது. அதைப் பிரிக்கும் வேலை நமக்கு வேண்டாம். பழைய மீட்டர்களைப் பழுதுபார்ப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

வலது முன்சக்கரம்

இனி, நீங்கள் ஒற்றை வரியில் எழுதிய விஷயம். கருகல் வாடை, ஒரு பக்கம் இழுப்பது, அதுவும் பேட் மாற்றிய பிறகு. இந்த மூன்றும் சேர்ந்தால், காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

ஏழு வருடம் ஷெட்டில் நின்ற கார். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு, நம் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன்கள் இத்தனை நாள் தேய்ந்த பழைய பேடுகளோடு வெளியே நீட்டிக்கொண்டு நின்றிருக்கும். நீட்டிய பகுதியில் துரு பிடித்துப் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். புது பேட் தடிமன். அதைச் சொருகுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். அப்போது அந்தத் துருப்பிடித்த பகுதி ரப்பர் சீலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். மிதித்தால் வெளியே வரும், விட்டால் சுலபமாகத் திரும்பாது. வேண்டாத வேலை ஒன்றைச் செய்யப்போய், தூங்கிக்கொண்டிருந்த கோளாறை எழுப்பிவிட்டார்கள் என்பது என் கணிப்பு. இன்னொரு வழியும் உண்டு. சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் பழைய ரப்பர் ஹோஸ் உள்பக்கம் உப்பி அடைத்துக்கொள்ளும். மிதிக்கும் அழுத்தத்துக்கு ஆயில் உள்ளே போகும், திரும்பி வர வழியிருக்காது.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம், மெக்கானிக் பக்கத்தில் இருக்கட்டும். அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பிரேக்கை நன்றாக மிதித்துவிட்டுக் காலை எடுங்கள். கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் காலிப்பரில் காற்றெடுக்கும் நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள். கொஞ்சம் ஆயில் பீச்சி, சக்கரம் உடனே விடுபட்டால் ஹோஸ் அடைத்திருக்கிறது. ஆயில் வந்தும் சக்கரம் இறுகியே இருந்தால் பிஸ்டன்.

ஹோஸ் என்றால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். எல்லா ரப்பர் ஹோஸும் ஒரே வயதுதான். பிஸ்டன் என்றால் இரண்டு பக்கக் காலிப்பரிலும் பிஸ்டன், சீல் எல்லாம் புதிது போடுங்கள். காலிப்பரின் இரண்டு பாதிகளையும் சேர்த்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்ற விடாதீர்கள், அவற்றைப் பிரிக்காமலே பிஸ்டனை எடுக்க முடியும். எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார். பாகங்கள் இன்றும் பிரிட்டனில் தயாராகின்றன, வரவழைக்கக் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான். பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயிலை நிரப்புங்கள். புது டாட் 4 கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்தத் தரத்துக்கு விதித்த குறைந்த அளவு 155 டிகிரிதான். சக்கரம் கருகும் சூட்டில் ஈரமேறிய ஆயில் கொதித்துக் குமிழ் விட்டால், பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போய்விடும்.

அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய கார்களில் பிரேக் இரண்டு தனித்தனி வட்டமாக இருக்கும், ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். உங்கள் 1965 மாடலில் பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே, வட்டமும் ஒன்றே. ஒரு சக்கரத்தில் ஆயில் கொதித்தாலும், ஒரு ஹோஸ் வெடித்தாலும், நான்கு சக்கரத்துக்கும் மிதி பிரேக் இல்லை. கைப்பிரேக் மட்டும்தான் மிச்சம். இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் இது கடைசிப் பக்கத்தில் இருந்தது, அதனால்தான் இத்தனை தூரம் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பிரேக் டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கூடாது. பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் பிறகு எத்தனை துடைத்தாலும் பிடிக்காது, தூக்கி எறிய வேண்டியதுதான். பின்பக்க டிரம்மைத் திறக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

நியூட்ரலில் இறங்குவது

இதை இன்றே விட்டுவிடுங்கள். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,500 மீட்டர். காரும் நீங்களும் கூட ஒருவரும் சேர்ந்து ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அந்த எடை அத்தனை உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவரும் சக்தியை எல்லாம் சூடாக மாற்றினால், நாற்பது லிட்டருக்கும் மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் காற்றும் டயரும் தின்றது போக மீதி அத்தனையும் நான்கு பிரேக்குக்குள் இறங்கும், அதிலும் முன்சக்கரங்களுக்குத்தான் பெரும்பங்கு. பெட்ரோலில் மிச்சமாவது சொற்பம். அதோடு உங்கள் காரில் முதல் கியருக்கு, ஓடும்போது கியர் சுலபமாக விழ உதவும் சின்க்ரோமெஷ் கிடையாது. வேகம் எடுத்த பிறகு பதறிப்போய் அதைப் போட நினைத்தாலும் விழாது. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், வளைவுக்கு முன்பே அதைப் போட்டுவிடுங்கள்.

கொடுத்த பணம், கேட்கும் உரிமை

நான் வக்கீல் இல்லை, ஆனால் பணிமனைப் பக்கத்து வழக்கம் தெரியும். கேட்டால் கொடுக்க வேண்டியவை மூன்று: என்ன புகாருக்கு என்ன வேலை என்று எழுதிய ஜாப் கார்டு, பாகம் வேறு கூலி வேறாகப் போட்ட பில், கழற்றிய பழைய பாகங்கள். முதல் இரண்டும் உங்களிடம் இருந்தால், சத்தத்துக்காக விட்ட வண்டியில் சத்தம் போகவில்லை, பிரேக் இறுகுகிறது என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். பிரேக் வேலையை இலவசமாகச் சரிசெய்து தரக் கேட்பது நியாயம். அவர்கள் மறுத்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம், இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். ஆனால் மனசில் உள்ளதைச் சொல்கிறேன்: பெல்ட்டும் பேடும் புதிதாக வண்டியிலேயே இருக்கின்றன, 14,000 ரூபாய்க்காக அலைவதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் மறுபடி பிரேக்கைக் கொடுக்க எனக்கு மனம் வராது. குன்னூரிலோ ஊட்டியிலோ அம்பாசிடர் காலத்து மூத்த மெக்கானிக் ஒருவரைப் பாருங்கள். ராத்திரி வண்டியை அவரிடமே விட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது அவர் உங்கள் பக்கத்து இருக்கையில் இருக்கட்டும்.

தம்பி சொல்லும் விண்டேஜ் பதிவு

2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இது வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவிலேயே இருக்கும் வண்டிகளுக்குப் பொருந்தும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், அப்பா காலத்து நம்பர் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் தம்பி சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. விண்டேஜ் என்று பதிவான காரை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் அனுமதி. காலையில் கட்டபெட்டு வரை ஓட்டிப்போகும் சந்தோஷம் உங்களுக்கு வேண்டுமென்றால், சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதுதான் வழி. விற்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். சத்தத்துக்குப் பயந்து விற்க வேண்டாம், அவ்வளவுதான் நான் சொல்வேன்.

கல்யாணத்துக்கு

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பிரேக் வேலை முடிந்ததும் முதலில் கோத்தகிரிக்குள்ளேயே நான்கைந்து நாள் ஓட்டுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பின்னால் வேறொரு வண்டியில் தம்பி வர, குஞ்சப்பனை வரை மட்டும் இறங்கிப் பாருங்கள். அங்கே சமதளமாக ஓரிடத்தில் நிறுத்தி, டிஸ்க்கைத் தொடாமல் கம்பிகளுக்குப் பக்கத்தில் புறங்கையை வையுங்கள். முதலில் இடது முன்சக்கரம், பிறகு வலது. இரண்டிலும் ஒரே அளவு வெக்கை அடித்தால், கல்யாணத்துக்கு அந்தக் காரிலேயே போய் வாருங்கள். வலது பக்கம் தனியாகச் சுட்டால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, தம்பியோடு வீட்டுக்குத் திரும்பி மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள்.